லிஸ்ப்பில் இன்லைன் அறிவிப்பு: அன்று எதற்கு எழுதினார்கள், இன்று எங்கே எழுதுவது

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு ‘இன்லைன்’ என்ற சொல் பெரும்பாலும் சி++ பாடத்தின் வழியாக அறிமுகமாகியிருக்கும். சிறிய செயற்கூறு ஒன்றை அழைப்பதற்குப் பதிலாக அதன் உடலையே அழைக்கும் இடத்தில் விரித்து வைத்துவிட்டால் போய்த் திரும்பும் நேரம் மிச்சமாகும், ஈடாக நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பதே அங்கே கற்றுத்தரப்படும் வரவு செலவுக் கணக்கு. கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லிஸ்ப் என்ற நிரல்மொழியின் தரப்படுத்தப்பட்ட வடிவமான காமன் லிஸ்ப்பில் எந்தச் செயற்கூற்றுக்கு இன்லைன் அறிவிப்பு எழுதுவது என்று முடிவு செய்யப் புறப்பட்டவர், எழுத வேண்டாத பத்து இடங்களில் எழுதி, எழுதியே ஆக வேண்டிய ஓர் இடத்தைத் தவறவிட்டுவிடுவார். நானும் அப்படித் தவறவிட்டவன்தான். அந்த அறிவிப்பின் நோக்கம் காலப்போக்கில் எப்படி மாறிற்று, இன்று அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை, சென்னை ஏரிகளின் நீர்க்கணக்கைப் போடுவதற்காக நானே எழுதி வைத்திருக்கும் ஒரு சிறு நிரலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

குறிமுறையை எழுதும் முறை பற்றி ஒரு சொல். கீழே உள்ளவை அனைத்தும் தமிழ் எழுத்திலேயே உள்ளன. டிக்ளெய்ம், டிக்ளேர், லெட் முதலிய லிஸ்ப் சொற்களை நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் நான் இட்டிருக்கும் தமிழ்ப் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை, நான் பயன்படுத்தும் எஸ்பிசிஎல் (காமன் லிஸ்ப் நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஒரு கம்பைலர்) அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும். செயற்கூற்றை வரையறுக்கும் சொல்லை ‘டிஃபன்’ என்று எழுதியிருக்கிறேன். மயிலாப்பூர்ப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இட்லி, தோசை என்றுதான் பொருள் என்பது எனக்கும் தெரியும், வேறு வழியில்லை.

பழைய காரணம்

ஜான் மெக்கார்த்தி 1958-இல் எம்ஐடியில் லிஸ்ப்பைத் தொடங்கிய ஐந்து ஆண்டுகளில், 1963-இல், திமதி ஹார்ட் அதற்கு மேக்ரோக்களை முன்மொழிந்தார். மேக்ரோ என்பது, கம்பைல் ஆகுமுன் வேறு குறிமுறையாக விரிந்து, மொழியை விரிவாக்குவதற்கான கருவி. ஆயினும் அழைப்புச் செலவு உறுத்திய காலத்தில், செயற்கூறாக இருக்க வேண்டிய சிறுசிறு கணக்குகளையும் மேக்ரோவாக எழுதிவிடும் பழக்கம் வளர்ந்தது. அதற்கு விலை இருந்தது. ஓர் எண்ணின் வர்க்கத்தைத் தரும் மேக்ரோவுக்குள் அளபுரு இருமுறை வருமானால், அதற்குக் கொடுக்கப்பட்ட கோவையும் இருமுறை கணிக்கப்படும்; அந்தக் கோவை கோப்பிலிருந்து அடுத்த வரியைப் படிப்பதாக இருந்தால் இரண்டு வரிகள் தொலையும். மேலும் மேக்ரோவை, பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரு செயற்கூற்றை ஓட்டும் மேப்கார் போன்ற செயற்கூறுகளிடம் ஒப்படைக்க முடியாது.

1977-இல் கை ஸ்டீல் ஒரு கட்டுரையில் இந்த அச்சத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். அழைப்பு மெதுவாக இருப்பதற்குக் காரணம் அழைப்பு என்ற கருத்து அல்ல, அதைச் சரியாக மொழிபெயர்க்காத கம்பைலர்கள்தாம் என்பதும், அளபுருக்களை எடுத்துச் செல்லும் ஒரு தாவலாக அழைப்பை மொழிபெயர்க்க முடியும் என்பதும் அவர் வாதம். லிஸ்ப்புக்கென்றே கட்டப்பட்ட கணினிகளான லிஸ்ப் மெஷின்களில் இதற்கிடையே ‘டெஃப்சப்ஸ்ட்’ என்ற வடிவம் வந்தது: அழைத்தால் செயற்கூறு, கம்பைல் செய்யும் இடத்தில் விரியும் உடல். 1984-இல் வெளியான காமன் லிஸ்ப் விவரிப்பு இதை வரையறையிலிருந்து பிரித்துத் தனி அறிவிப்பாக்கியது. செயற்கூறு செயற்கூறாகவே இருக்கும். அதை இன்லைன் செய்யலாம் என்ற அனுமதி மட்டும் வெளியிலிருந்து வரும். 1994-இல் அமைந்த ஆன்சி (அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம்) தரநிலையும் அதையே கொண்டது.

இதே காலத்தில் அடித்தளமும் மாறிக்கொண்டிருந்தது. சிம்பாலிக்ஸ் 3600 போன்ற லிஸ்ப் மெஷின்களில், கூட்டப்படும் மதிப்புகள் எந்தத் தரவினத்தைச் சேர்ந்தவை என்ற சோதனையை வன்பொருளே கூட்டலோடு கூட்டலாகச் செய்துவிடும். லிஸ்ப் சாதாரணக் கணினிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த வசதி இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு கூட்டலுக்கும் முன்னால் ‘இது முழு எண்ணா, தசம எண்ணா, பின்னமா’ என்று மென்பொருளே கேட்டாக வேண்டிய நிலை வந்தது. ஆகவே தரவினத்தை முன்கூட்டியே அறிந்திருக்கும் கம்பைலருக்கு மதிப்புக் கூடியது. சிஎம்யுசிஎல் என்ற காமன் லிஸ்ப் செயலாக்கத்தின் கம்பைலர் தரவினங்களை ஊகித்தறிவதையே தன் முதன்மைத் தொழிலாகக் கொண்டது. அதன் பெயர் பைத்தான் என்பதும், இன்று எல்லோரும் எழுதும் மொழிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதும் புதியவர்களைக் குழப்பும் செய்தி. 1999-இல் அதிலிருந்து பிரிந்து வந்ததே எஸ்பிசிஎல்.

இன்றைய செயலியில் அடிக்கடி நிகழும் ஒரு நேரடி அழைப்பு சில நேனோ விநாடிகளுக்கு மேல் எடுப்பதில்லை. அதை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இன்லைன் எழுதுவது, பாரிமுனைக்கு ஆட்டோ பேசி ஐந்து ரூபாய் குறைத்த மகிழ்ச்சிதான். இன்று இன்லைனின் பெரும்பயன் வேறு: அழைக்கும் இடத்தில் கம்பைலருக்குத் தெரிந்தவை, அதாவது தரவினம், மாறிலி, எந்தச் செயற்கூறு ஒப்படைக்கப்படுகிறது என்ற செய்தி ஆகியவை, செயற்கூற்றின் உடலுக்குள் போய்ச் சேர்வதற்கு அதுவே பாலம். ஆகவே அறிவிப்பை எழுதுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ‘இது எத்தனை வரி’ என்பதன்று, ‘இந்த உடலை இங்கே விரித்தால் கம்பைலர் புதிதாக எதைத் தெரிந்துகொள்ளும்’ என்பது.

தரவினம் உள்ளே போவது

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் அளவுகளை மில்லியன் கன அடியில் சொல்வதே வழக்கம். பூண்டியின் கொள்ளளவு 3231, சோழவரம் 1081, புழல் 3300, செம்பரம்பாக்கம் 3645. ஒரு மில்லியன் கன அடி என்பது 28.3168 மில்லியன் லிட்டர். ஏரிக்கு வந்து சேர்ந்த நீரைப் பதிவு பதிவாகக் கூட்டி மில்லியன் லிட்டரில் சொல்லும் பகுதி இது:

(டிஃபன் லிட்டராக்கு (அளவு)
  (* அளவு 28.3168டி0))

(டிஃபன் மொத்த-வரத்து (பதிவுகள்)
  (டிக்ளேர் (டைப் (சிம்பிள்-அரே டபுள்-ஃப்ளோட் (*)) பதிவுகள்))
  (லெட் ((கூட்டு 0டி0))
    (டிக்ளேர் (டைப் டபுள்-ஃப்ளோட் கூட்டு))
    (டூடைம்ஸ் (இ (லெங்த் பதிவுகள்) கூட்டு)
      (இன்க்எஃப் கூட்டு (லிட்டராக்கு (ஏரெஃப் பதிவுகள் இ))))))

எண்ணின் முடிவில் உள்ள ‘டி0’ அலங்காரத்துக்காக வைத்ததன்று. அதை விட்டுவிட்டால் லிஸ்ப் அந்த எண்ணை ஒற்றைத் துல்லியத்தில் படித்துக்கொள்ளும். ஏழு இலக்கங்களுக்கு அப்பால் விடை சீர்கெடும்.

மொத்த-வரத்து என்ற செயற்கூற்றில் தரவினங்கள் எல்லாம் துல்லியமாக அறிவிக்கப்பட்டுள்ளன. இருந்தும் அது வேகமாக ஓடாது. காரணம், லிட்டராக்கு என்ற செயற்கூறு தன்னிடம் வரும் அளவு எதுவென்று அறியாமல் கம்பைல் செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு முழு எண்ணும் வரலாம், பின்னமும் வரலாம். ஆகவே அது எல்லா எண்களுக்கும் பொதுவான பெருக்கல் வழிக்குப் போகும். இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. 64-பிட் எஸ்பிசிஎல்லில் ஒரு டபுள்-ஃப்ளோட் (இரட்டைத் துல்லியத் தசம எண்) மதிப்பு செயற்கூற்றின் எல்லையைத் தாண்ட வேண்டுமானால், அதை ஹீப்பில் (ஓட்டத்தின்போது நினைவகம் ஒதுக்கப்படும் பகுதி) 16 பைட் கொண்ட ஒரு பெட்டியில் அடைத்து, அந்தப் பெட்டிக்கான சுட்டியையே அனுப்ப வேண்டும். போகும்போது ஒரு பெட்டி, திரும்பும்போது ஒரு பெட்டி. பத்து லட்சம் பதிவுகளுக்கு மூன்று கோடியே இருபது லட்சம் பைட் குப்பை சேரும். அழைப்பின் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாம், அழைப்புக்காகக் கட்டிய பெட்டிகளைப் பார்க்கவே இல்லை.

இப்போது வரையறைக்கு முன்னால் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்:

(டிக்ளெய்ம் (இன்லைன் லிட்டராக்கு))

முன்னால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வரியைப் பார்த்த பிறகே கம்பைலர் அடுத்து வரும் வரையறையின் மூலத்தைச் சேமித்து வைக்கும். வரையறைக்குப் பின்னால் எழுதினால் விரிப்பதற்கு அதனிடம் எதுவும் இருக்காது. எஸ்பிசிஎல் இதைக் குறித்து ஓர் எச்சரிக்கை தரும். ஆனால் அது நூறு வரி வெளியீட்டுக்கு நடுவே வருவதால் கண்ணில் படாமலே போய்விடும். பிறகு அழைக்கும் செயற்கூற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

விரிந்தபின், அரேயிலிருந்து எடுத்த மதிப்பு டபுள்-ஃப்ளோட் என்று கம்பைலருக்குத் தெரியும், மாறிலியும் அதே இனம், விடையும் அதே இனம். பொதுப் பெருக்கல் போய் ஒரே எந்திரக் கட்டளை அந்த இடத்துக்கு வரும், பெட்டிகளும் மறையும். இதே லிட்டராக்கை முழு எண் கொண்ட வேறோர் இடத்தில் விரித்தால் அங்கே வேறு குறிமுறை பிறக்கும். தனித்து நிற்கும்போது மரம், கிளையோடு சேர்ந்தால் மரக்கிளை, வேரோடு சேர்ந்தால் மரவேர் என்று நிலைமொழி தன் அண்டைச் சொல்லுக்கேற்ப மாறுவதைப் போன்றதே இது. மூலம் ஒன்று, இடத்துக்கு இடம் உருவம் வேறு. பழைய கணக்கில் இன்லைன் என்பது ஒரே உடலின் நகல்களை ஒட்டுவது. இங்கே எந்த இரண்டு நகல்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நம்பாமல் சோதித்துப் பார்ப்பது எப்படி

முதலில் ‘டைம்’ என்ற மேக்ரோவுக்குள் அழைப்பை வைத்து ஓட்டி, எத்தனை பைட் ஒதுக்கப்பட்டது என்ற வரியைப் பாருங்கள். நேரத்தைக் காட்டும் வரி கணினியின் மனநிலைக்கேற்ப ஆடும். பைட் கணக்கு அவ்வளவாக ஆடாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது கோடிகளிலிருந்து சுழியத்துக்கோ சுழியத்துக்கு மிக அருகிலோ இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்லைன் நடக்கவில்லை, அல்லது நடந்தும் தரவினம் தெரியவில்லை.

இரண்டில் எது என்பதைத் தெரிந்துகொள்ள, அழைக்கும் செயற்கூற்றை ‘டிஸ்அசெம்பிள்’ செய்ய வேண்டும். எந்திரக் கட்டளைகள் அனைத்தும் புரிய வேண்டும் என்பதில்லை. லிட்டராக்கு என்ற பெயர் அந்தப் பட்டியலில் எங்கேனும் தென்பட்டால் அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. பெயர் மறைந்து, ஆனால் ‘ஜெனரிக்’ என்று தொடங்கும் பெருக்கல் தென்பட்டால் உடல் விரிந்திருக்கிறது, இனம் மட்டும் உள்ளே போய்ச் சேரவில்லை. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ‘மல்எஸ்டி’ என்ற கட்டளை தென்பட்டால் நினைத்தது நடந்துவிட்டது. இவற்றோடு, எதற்கு முதன்மை என்று கம்பைலருக்குச் சொல்லும் ஆப்டிமைஸ் அறிவிப்பில் வேகத்துக்கு 3 என்று கொடுத்துக் கம்பைல் செய்தால், தசம எண்ணைச் சுட்டியாக மாற்ற வேண்டியிருக்கிறது என்பது போன்ற குறிப்புகளைக் கம்பைலரே தரும். அந்தக் குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் இன்லைன் அறிவிப்பைவிட அதிகப் பலன் தந்திருக்கிறது என்பது என் அனுபவம்.

மாறிலி உள்ளே போவது

சிறிய செயற்கூறுகளை மட்டுமே இன்லைன் செய்ய வேண்டும் என்ற அறிவுரை பழைய நோக்கத்துக்குப் பொருந்தும். புதிய நோக்கத்தில் அது அடிக்கடி தவறிப்போகும். இதைப் பாருங்கள்:

(டிஃபன் மாற்று (அளவு அலகு)
  (ஈகேஸ் அலகு
    (:மி-க-அடி அளவு)
    (:டிஎம்சி (/ அளவு 1000))
    (:லிட்டர் (* அளவு 28.3168டி0))))

காவிரிச் செய்திகளில் அடிபடும் டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி; :லிட்டர் என்பது இங்கும் மில்லியன் லிட்டர். மூன்று அலகுகளுக்கு மூன்று கிளைகள். இன்னும் ஏழு அலகுகள் சேர்ந்தால் இது ‘பெரிய’ செயற்கூறாகிவிடும். (செம்பரம்பாக்கத்தின் 3645-ஐ இதில் கொடுத்து டிஎம்சி கேட்டால் 3.645 வராது, 729/200 என்ற பின்னம் வரும். லிஸ்ப்பின் இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். அறிக்கை படிப்பவர்களுக்குப் பிடிக்காது.) தனியாகக் கம்பைல் செய்யும்போது இதன் விடை எந்த இனம் என்பதை முன்னறிய முடியாது, அது அலகைப் பொறுத்தது. ஆனால் அழைக்கும் இடங்களில் அலகு பெரும்பாலும் மாறிலியாகவே எழுதப்பட்டிருக்கும். ஓர் இடத்தில் :லிட்டர் என்று எழுதி இன்லைன் செய்தால், ஈகேஸ் முழுவதும் கம்பைல் நேரத்திலேயே கரைந்து, மற்ற கிளைகள் வெட்டப்பட்டு, ஒரு பெருக்கல் மட்டும் மிஞ்சும். பத்துக் கிளைகள் இருந்தாலும் மிஞ்சுவது அதே ஒரு பெருக்கல்தான். உடல் பெரிதாக இருந்ததால் இன்லைன் செய்யாமல் விட்டிருந்தால் ஓட்டத்தின்போது ஒவ்வொரு முறையும் அலகை ஒப்பிட்டுக்கொண்டிருந்திருப்போம். ஆகவே அளக்க வேண்டியது விரிவதற்கு முன் இருந்த உடலை அன்று, விரிந்து கரைந்த பின் மிஞ்சியதை.

கீவேர்ட் அளபுருக்கள் (பெயர் சொல்லி மதிப்புக் கொடுப்பவை) கொண்ட செயற்கூறுகளுக்கும் இதே பயன் உண்டு. ஓட்டத்தின்போது எந்தக் கீவேர்டு எந்த அளபுருவுக்கு என்று பிரித்தெடுக்கும் வேலை, விரித்த இடத்தில் இல்லாமல் போகும்.

செயற்கூறு உள்ளே போவது

என் பார்வையில் இன்லைனுக்கு மிகத் தகுதியான இடம் இதுவே. ஏரிப் பதிவுகளைச் சுற்றி வரும் செயற்கூறு ஒன்றை எழுதி, ஒவ்வொரு பதிவுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதை லாம்டாவாக (பெயரில்லாத செயற்கூறாக) ஒப்படைப்பதாகக் கொள்வோம்.

(டிக்ளெய்ம் (இன்லைன் ஒவ்வொரு-பதிவுக்கும்))
(டிஃபன் ஒவ்வொரு-பதிவுக்கும் (செயல் பதிவுகள்)
  (டிக்ளேர் (டைப் (சிம்பிள்-அரே டபுள்-ஃப்ளோட் (*)) பதிவுகள்))
  (டூடைம்ஸ் (இ (லெங்த் பதிவுகள்))
    (ஃபன்கால் செயல் (ஏரெஃப் பதிவுகள் இ))))

அழைப்பவர் தம் லாம்டாவுக்குள் வெளியிலுள்ள ‘கூட்டு’ என்ற மாறியை ஏற்றிக்கொண்டே போகிறார் என்றால், இன்லைன் இல்லாத நிலையில் மூன்று செலவுகள் சேரும். எந்தச் செயற்கூறு வருகிறதென்று தெரியாததால் ஒவ்வொரு சுற்றிலும் மறைமுக அழைப்பு நிகழும். மதிப்பு பெட்டியில் அடைபட்டே லாம்டாவிடம் போகும். லாம்டாவும் வெளிச் செயற்கூறும் பகிர்ந்துகொள்ளும் மாறி என்பதால் கூட்டுக்குத் தனி நினைவிடம் ஒன்று ஒதுக்க வேண்டியிருக்கும், அதில் வைக்கப்படும் மதிப்பும் ஒவ்வொரு சுற்றிலும் புதிய பெட்டியாகும். இன்லைன் செய்தவுடன் ‘செயல்’ என்பது எந்த லாம்டா என்று கம்பைலருக்குத் தெரிந்துவிடுவதால் அதையும் உள்ளேயே விரித்துவிடும். கையால் எழுதிய மடக்குக்கும் இதற்கும் வேறுபாடு ஏறத்தாழ இருக்காது.

முன்பு இப்படிப்பட்ட சுற்றுகளை மேக்ரோவாகவே எழுதினார்கள், இன்றும் பலர் எழுதுகிறார்கள். நான் இப்போது வேலை முழுவதையும் இன்லைன் செயற்கூற்றில் வைத்து, மேலே அழகான தொடரமைப்பு வேண்டுமானால் மட்டும், லாம்டாவைச் சுற்றிக் கொடுக்கும் இரண்டு வரி மேக்ரோ எழுதிக்கொள்கிறேன். மேக்ரோ தொடரமைப்பைப் பார்த்துக்கொள்ளும், செயற்கூறு வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிழை வந்தால் தேட வேண்டியது ஓர் இடம் மட்டுமே.

எங்கும் வேண்டாம், இங்கே மட்டும் வேண்டும் என்றால்

ஒரு செயற்கூறு முப்பது இடங்களில் அழைக்கப்படலாம். அவற்றுள் சூடான, அதாவது மிக அதிகமுறை ஓடும், மடக்குக்குள் இருப்பது ஒன்றே ஒன்றாக இருக்கலாம். மற்ற இருபத்தொன்பது இடங்களிலும் அதை விரிப்பது குறிமுறையை வீணே பெருக்கும், செயலியின் கட்டளைத் தேக்ககத்தையும் நிரப்பும். இதற்குத் தரநிலையே வழி சொல்கிறது: வரையறைக்கு முன் இன்லைன் என்றும், வரையறை முடிந்தவுடன் நாட்இன்லைன் என்றும் டிக்ளெய்ம் செய்துவிட வேண்டும்.

(டிக்ளெய்ம் (இன்லைன் மாற்று))
(டிஃபன் மாற்று (அளவு அலகு) ...)
(டிக்ளெய்ம் (நாட்இன்லைன் மாற்று))

மூலம் சேமிக்கப்பட்டுவிட்டது, ஆனால் பொதுவாக விரியாது. வேண்டிய செயற்கூற்றின் தலைப்பில் மட்டும் (டிக்ளேர் (இன்லைன் மாற்று)) என்று எழுதினால் அங்கே விரியும். நான் புதிதாக எழுதும் எதற்கும் இந்த முறையையே கையாள்கிறேன். இன்லைன் என்பது கம்பைலர் புறக்கணிக்கக்கூடிய வேண்டுகோள். நாட்இன்லைன் என்பது அது மீறக்கூடாத கட்டளை. இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்தால் பல குழப்பங்கள் தீரும். மூலத்தைச் சேமித்துவைத்து, விரிப்பதா என்ற முடிவை அந்தந்த இடத்தின் ஆப்டிமைஸ் அமைப்புக்கு விட்டுவிடும் ‘மேபீ-இன்லைன்’ என்ற அறிவிப்பும் எஸ்பிசிஎல்லில் உண்டு. அது தரநிலையில் இல்லை.

ஒரே செயற்கூற்றுக்குள் மட்டும் பயன்படும் துணைச் செயற்கூறுகளுக்கு இது எதுவுமே வேண்டாம். ஃப்ளெட், லேபிள்ஸ் கொண்டு உள்ளேயே வரையறுத்தால், ஒரே ஓர் இடத்தில் அழைக்கப்படுவதை எஸ்பிசிஎல் தானாகவே அங்கே கரைத்துவிடும். ஒரு கோப்பிலுள்ள பல செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, பெட்டிச் செலவு மட்டுமே தொல்லை என்றால், கோப்பு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கம்பைல் செய்யும் வசதியை நாடலாம். சிஎம்யுசிஎல்லில் முன்பே இருந்த அது 2020-இல் 2.0.2 பதிப்போடு எஸ்பிசிஎல்லுக்கும் வந்தது. அதில் உடல் நகலெடுக்கப்படுவதில்லை, ஆனால் தசம எண்கள் பெட்டியில்லாமலே எல்லை தாண்டும்.

கெடுதல்கள்

ஓர் ஐப்பசி மாதத்தில், மழை பிடித்துக்கொண்டு ஏரிகளுக்கு நீர் வந்துகொண்டிருந்த நாட்களில், என் நிரலில் அளவை முழுமைப்படுத்தும் செயற்கூற்றில் ஒரு திருத்தம் செய்தேன். ஓடிக்கொண்டிருந்த லிஸ்ப்பிலேயே அதை மட்டும் கம்பைல் செய்து, முனையத்தில் சோதித்தேன். சரியான விடை வந்தது. மறுநாள் காலை அறிக்கையில் பழைய விடையே இருந்தது. திருத்தத்தை மறுபடி படித்தேன், மறுபடி கம்பைல் செய்தேன், மறுபடி முனையத்தில் சரி, மறுபடி அறிக்கையில் தவறு. இரண்டு நாள் கழித்துத்தான், பல மாதங்களுக்கு முன் நானே எழுதி மறந்த இன்லைன் வரி கண்ணில் பட்டது. அறிக்கை எழுதும் செயற்கூற்றுக்குள் பழைய உடல் விரிந்து உட்கார்ந்திருந்தது; நான் மாற்றிய புதிய உடலை அது தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்துவதே லிஸ்ப்பின் பெரிய வசதி, அந்த வசதியைத்தான் இன்லைன் பறித்துக்கொள்கிறது. இன்லைன் செயற்கூற்றை மாற்றினால் அதை அழைப்பவை அனைத்தையும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். கோப்புகளின் சார்பு உறவுகளை ஏஎஸ்டிஎஃப் என்ற தொகுப்புக் கருவியின் வரையறையில் ஒழுங்காக எழுதியிருந்தால், அது சார்ந்த கோப்புகளையும் சேர்த்தே கம்பைல் செய்யும்; எடிட்டரிலிருந்து ஒற்றைச் செயற்கூற்றை அனுப்பும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வடிவம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் செயற்கூற்றுக்கு அறிவிப்பு எழுதாமல் இருப்பதே நல்லது. பிறர் பயன்படுத்தும் நூலகத்தில் வெளியே தெரியும் செயற்கூறுகளுக்கு எழுதுவதிலும் இதே ஆபத்து, பலமடங்காக.

பிழைதேடலிலும் குறை உண்டு. இன்லைன் ஆன அழைப்பை ‘ட்ரேஸ்’ காட்டாது, பிழை நேரும்போது வரும் அழைப்பு வரிசையில் அதன் பெயர் இருக்காது, புரொஃபைலர் அதன் நேரத்தை அழைத்தவரின் கணக்கில் எழுதிவிடும். இதனால் ‘இந்தச் செயற்கூறு நேரமே எடுக்கவில்லை’ என்று தவறாக நினைப்பது எளிது. பிழை தேடும்போது நாட்இன்லைன் என்று மாற்றி, அழைப்பவற்றோடு மறுபடி கம்பைல் செய்துவிட்டுத் தேடுங்கள்.

தன்னையே அழைக்கும் செயற்கூறுகளை இன்லைன் செய்வதில் பெரும்பாலும் பயனில்லை. கம்பைலர் ஓர் அளவுக்கு மேல் விரிக்காது. லெட்டுக்குள் வைத்து வரையறுத்த செயற்கூற்றை இன்லைன் செய்யச் சொன்னால், சூழல் மிகவும் ‘ஹேரி’யாக இருப்பதால் முடியாது என்று எஸ்பிசிஎல் சொல்லிவிடக்கூடும். சிக்குப் பிடித்த தலைமுடி என்று பொருள் கொள்க.

பிற லிஸ்ப்கள்

இந்த முடிவுகள் எல்லா லிஸ்ப்புக்கும் அப்படியே பொருந்தா. ஈமாக்ஸ் லிஸ்ப்பின் பைட்கோடில் அழைப்பு இன்னும் செலவுள்ளதாகவே இருப்பதால், டெஃப்சப்ஸ்ட் அங்கே பழைய நோக்கத்துக்காகவே வாழ்ந்துகொண்டிருக்கிறது. சேஸ் ஸ்கீம் தன் மூலநிலை மேம்படுத்தியால் எதை விரிப்பது என்பதைப் பெரும்பாலும் தானே முடிவு செய்யும்; நிரலாளர் தலையிட வேண்டிய இடங்கள் குறைவு. குளோஜரில் ஜேவிஎம் (ஜாவாவின் மெய்நிகர் எந்திரம்) ஓட்டத்தின்போதே விரித்துக்கொள்வதால் அழைப்புச் செலவுக்காக எவரும் கவலைப்படுவதில்லை. ஆயினும் அதன் அடிப்படைக் கணித வினைகளில் இன்லைன் குறிப்பு வைக்கப்பட்டிருக்கிறது, பெட்டியில் அடையாத எண்களை நேரே ஜாவாவின் வினைகளிடம் ஒப்படைப்பதற்காக.

இறுதியாக, நான் இப்போது கைக்கொள்ளும் ஒரு பழக்கம். ஒவ்வொரு இன்லைன் வரிக்கும் மேலே, அரைப்புள்ளியிட்டு, அந்த அறிவிப்பால் கம்பைலர் எதைத் தெரிந்துகொள்கிறது என்று ஒரு வரிக் குறிப்பு எழுதுகிறேன்: ‘அளவு டபுள்-ஃப்ளோட் என்பது’, ‘அலகு மாறிலி என்பது’, ‘செயல் எந்த லாம்டா என்பது’. ஏரிக்கணக்கு நிரலில் முதன்முதலாக இப்படிக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது அதில் பதினொரு இன்லைன் அறிவிப்புகள் இருந்தன. மூன்றுக்கு மட்டுமே என்னால் குறிப்பு எழுத முடிந்தது. மற்ற எட்டையும் அழித்துவிட்டு அதே பத்து லட்சம் பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன், பைட் கணக்கு அசையவில்லை.